கடையும் கச்சேரியும்: கல்முனைக் கரையோர இளைஞனை நாம் வாசிக்கும் முறை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் வழக்கு ஈழத்துத் தமிழ் பேசும் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. சொல்பவரின் குரலில் ஏளனமும் கேட்பவரின் உள்ளத்தில் ஒப்புதலும் ஒருங்கே அமைந்திருப்பது இவ்வழக்கின் தனித்தன்மை எனலாம். அரசாங்க உத்தியோக மோகத்தைக் கண்டிக்க விரும்பும் மேடைப் பேச்சாளர் தொட்டுப் பத்திரிகைக் கட்டுரையாளர் வரை யாவரும் இதனை எடுத்தாளுவர். அவர்களுட் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறுவோராகவே இருப்பர் என்பது வேறு விடயம்.

இவ்வேளனத்துக்கு இன்று இலக்காகுபவன் ஒருவன் உளன். அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காகத் தொடரும் முஸ்லிம் ஊர்களின் கடைத்தெருக்களில் அவனைக் காணலாம். கைத்தொலைபேசி திருத்தும் கடையோ, நிழற்பிரதி எடுக்கும் நிலையமோ, சிறு பிடவைக்கடையோ, இரண்டொரு தறியுள்ள நெசவுச்சாலையோ அவனுக்குச் சொந்தமாக இருக்கும். க.பொ.த. உயர்தரம் சித்தியெய்தியவன், சில வேளைகளிற் பட்டதாரி. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியில் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர் எனப் பதவி வெற்றிட அறிவித்தல் ஏதும் வருமாயின் அதனைத் தவறவிடான். கடையின் இழுப்பறையில் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். நிழற்பிரதி நிலையம் நடத்துவோனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தன் விண்ணப்பத்தைத் தானே பிரதியெடுத்துக் கொள்ளலாம். தன்னோடு போட்டியிடுவோரின் விண்ணப்பங்களையும் அவனே காசு பெற்றுப் பிரதியெடுத்துக் கொடுக்கின்றான்.

ஊர் இவனை "இரண்டு தோணியிற் கால் வைத்தவன்" என்கின்றது. பொருளியலாளர் இவனைக் குறை வேலையினர் என்பர். சுயதொழில் ஊக்குவிப்புக் கருத்தரங்குகளில் இவன் துணிவற்றவன் எனப்படுகின்றான். நமது சிறுகதைகளிலோ, இக்கட்டுரையாளர் வாசித்த அளவில், இவன் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. இவ்வாசிப்புகள் எந்த அளவுக்குப் பொருந்துவன என்பதை நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும். கடையை ஒரு புறத்திலும் உத்தியோகத்தை மறு புறத்திலும் நிறுத்தி, ஒன்றை மற்றதன் எதிரியாகக் காணும் பார்வை அடிப்படையிலேயே பிழையானது என்பது எமது துணிபு.

முதலில், உத்தியோகம் என்பது இக்கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது எனக் காண்பது பயனுடைத்து. நெல் வேளாண்மையும் நெசவும் மீன்பிடியும் வணிகமும் இவ்வூர்களின் பழைய சீவனோபாயங்கள். போடியார்களின் வயல்கள் மேற்கே உள்நிலத்தில் விரிந்து கிடந்தன; மக்கள் கடலோரத்தில் நெருங்கி வாழ்ந்தனர். ஆங்கிலக் கல்வி இங்கு காலந்தாழ்த்தியே பரவிற்று. இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமாகிய ஏ.எம்.ஏ. அஸீஸ், உலகப் போர்க் காலத்து உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அவசரகாலக் கச்சேரி ஒன்று ஊரிலேயே திறக்கப்பட்டது. நெற்பயிர்ச் செய்கைக்கென வந்த அவ்வதிகாரி அதே ஆண்டில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றையும் அங்கு நிறுவினார். கச்சேரியும் கல்வியும் ஒரே மனிதரின் உருவில் ஊருக்குள் நுழைந்தமை தற்செயலாயினும், அதன் பின்வந்த தலைமுறைகளின் சிந்தனையில் அவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதன ஆயின.

அதன் பின் நிகழ்ந்தவை இப்பிணைப்பை மேலும் இறுக்கின. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நிலத்தின் குடித்தொகை அமைப்பை மாற்றிற்று. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் மொழியிற் கற்றோருக்கு நிருவாகச் சேவையின் வாயில்களை ஒடுக்கிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது கச்சேரி அம்பாறை நகரில் அமைந்தது. கரையோரத்தார் தம் அலுவல்களுக்காக மேற்கே பயணிக்க வேண்டியவராயினர். கல்முனையை மையமாகக் கொண்ட கரையோர மாவட்டம் ஒன்று வேண்டும் என்னும் நெடுநாட் கோரிக்கையின் வேர் இங்குளது. இவ்வாறு பல வாயில்கள் ஒடுங்கியவிடத்துத் தமிழ்மொழி மூல ஆசிரியத் தொழில் ஒன்றே அகலத் திறந்திருந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையும், 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூதின் காலத்து நியமனங்களும் அவ்வாயிலால் நுழைந்தோரின் தொகையைப் பெருக்கின. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் "உத்தியோகம்" என்றவுடன் பாடசாலை வாத்தியார் ஒருவரின் உருவம் மனக்கண்ணில் எழுவது இதனாலேதான்.

மருதமுனை நெசவின் கதையையும் இங்கு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் உள்ளூர்க் கைத்தறிக்கு ஒரு காப்பு இருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அக்காப்பை நீக்கிற்று. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்திறங்க, நூல் விலையையோ சந்தை விலையையோ தீர்மானிக்கும் வலு எதுவும் இல்லாத நெசவாளன் இரண்டுக்கும் இடையில் நசிந்தான். தறி முற்றாக ஓய்ந்துவிடவில்லை. மருதமுனைச் சாரமும் சாரியும் இன்றும் பெயர் பெற்றவையே. ஆயினும், நன்றாக நடந்துகொண்டிருந்த தொழில் ஒன்று கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தால் சில ஆண்டுகளிற் தளர்வதைக் கண்ட தந்தை, மகனிடம் என்ன சொல்லியிருப்பார்? "தறியை விடாதே, ஆனால் அதை மட்டும் நம்பாதே" என்பதாகவே அது இருந்திருக்கும். இதனை மோகம் என்பதிலும் பார்க்க அனுபவத்திற் பிறந்த முன்மதி என்பதே பொருத்தம்.

இனிப் பொருளியலாளரின் வாசிப்புக்கு வருவோம். சர்வதேசத் தொழில் தாபனம் டட்லி சீயர்ஸ் தலைமையில் அனுப்பிய குழு 1971இல் இலங்கையின் வேலையின்மை பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரலிற்றான் தென்னிலங்கையிற் படித்த இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி நிகழ்ந்தது. தொழில் வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்தல் என்னும் கருத்து அவ்வறிக்கையின் தலைப்பிலேயே அமைந்திருந்தது. அறிக்கை கல்வி முறையையும் வருமான அமைப்பையும் விரிவாகவே ஆராய்ந்தது என்பதை மறுத்தல் நியாயமன்று. ஆயினும் பொதுப் பேச்சில் ஊன்றி நின்றது "எதிர்பார்ப்பு" என்னும் ஒரு சொல்லே. குறை உலகத்திலன்று, இளைஞனின் மனத்திலேயே உளது என்னும் பொருளை அச்சொல் பெற்றுவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் நமது விரிவுரை மண்டபங்களில் அதன் எதிரொலி ஓய்ந்தபாடில்லை.

இவ்வகையில் றோனல்ட் டோர் 1976இல் வெளியிட்ட, சான்றிதழ் நோய் பற்றிய நூல் கூடுதலான நிதானம் உடையது. இலங்கையை எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கொண்ட அந்நூல், காலந்தாழ்த்தி வளர்ச்சிப் பாதையிற் புகுந்த நாடுகளில் நல்ல சம்பளமுடைய தொழில்கள் சிலவாகவும் அவற்றுக்கும் ஏனைய வாழ்க்கைக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகவும் இருப்பதாலேயே சான்றிதழ்களுக்கான ஓட்டம் கடுமையாகின்றது எனக் காட்டிற்று. அவ்வோட்டம் சமூகத்துக்கு விரயம். ஓடும் தனிமனிதனுக்கோ அது அறிவுடைமையே. நாம் எடுத்துக்கொண்ட இளைஞனை விளங்கிக்கொள்ள இது ஒரு படி உதவுகின்றது. ஆயினும் டோரின் கண்ணுக்குத் தெரிபவன் பரீட்சை எழுதும் மாணவனே. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுபவன் அச்சட்டகத்துள் அடங்கவில்லை.

அண்மைக்காலத்து வாசிப்பு வேறொரு வகையினது. "தொழில் தேடுவோராக அன்றித் தொழில் வழங்குவோராக மாறுங்கள்" என்பது அதன் மந்திரம். பெரு நாட்டவரான ஹெர்னாண்டோ டி சோட்டோ 1980களில் முன்வைத்த கருத்தின் தூரத்து நிழல் இதில் உண்டு: தெருவோரச் சிறுவணிகன் ஒவ்வொருவனும் சட்டத் தடைகளால் முடக்கப்பட்ட முதலாளி, தடைகளை நீக்கினால் அவன் ஓங்கி வளர்வான். விக்டர் டொக்மன் முதலியோர் இதற்கு மாறாக, இவர்களிற் பெரும்பாலோர் சம்பள வேலை கிடையாமையாற் கடை வைத்தவர்கள் என்றனர். இவ்வாதத்தை இலங்கையின் தரவுகளைக் கொண்டே சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்ரோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் பரிசோதித்தனர். கூலியாள் வைக்காது தாமே தொழில் நடத்துவோரில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கினர் வரை, பின்புலத்திலும் திறனிலும் மனப்பாங்கிலும் பெரிய நிறுவன உரிமையாளரை அன்றிச் சம்பளத் தொழிலாளரையே ஒத்திருந்தனர் என்பது அவர்களின் முடிபு. அபிஜித் பனர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளியிட்ட நூலில் இத்தகையோரை மனமின்றித் தொழில்முனைந்தோர் என அழைத்து, பல நாடுகளின் ஏழைப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகத்தையே அவாவுவதை எடுத்துக்காட்டினர். ஆகவே கோறணமேந்துக் கோழி நம்மவருக்கு மட்டும் உரிய பறவையன்று.

இம்முடிபு கருத்தரங்குப் பேச்சாளரை மறுக்கப் போதுமானது. ஆயினும் இதனோடும் எமக்கு முழு உடன்பாடில்லை. கடைக்காரனுள் ஒரு சம்பளக்காரன் மறைந்திருக்கின்றான் என்று கூறுவது, கடைக்குள் என்ன நிகழ்கின்றது என்பதைக் கூறுவதாகாது. கல்முனைக் கரையோரத்தில் கடை எவ்வாறு நடைபெறுகின்றது எனச் சற்று ஊன்றி நோக்கின், வேறொரு உண்மை புலப்படும்.

சிறுகடை ஒன்றுக்கான முதல் எங்கிருந்து வருகின்றது? உம்மாவின் நகை, சீட்டுக் காசு, மத்திய கிழக்கிலிருக்கும் சகோதரன் அனுப்புவது, மச்சானின் கைமாற்று. இவற்றில் ஒரு பகுதி கடை அறைக்கான முற்பணமாகவே கரைந்துவிடும். கைத்தொலைபேசிக் கடை ஒன்று நன்றாக ஓடினால், அதே தெருவில் ஓராண்டினுள் அதைப்போல் வேறு சில தோன்றும். விற்பனையோ காலத்துக்குக் காலம் ஏறி இறங்குவது. பெரும்போக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் ஊருக்குள் புழங்கும். சிறுபோகக் காசு ஆவணி, புரட்டாதியில். பிடவைக்கடைக்காரனுக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளுமே ஆண்டின் உயிர். இவை பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவன ஆதலால், அறுவடையோடு பெருநாள் கூடிவரும் ஆண்டுகளும் உண்டு. அறுவடைக்கு வெகு முன்னதாக, கையில் காசில்லாத காலத்தில் பெருநாள் வரும் ஆண்டுகளும் உண்டு. 2025இலும் 2026இலும் நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தில், பெரும்போக அறுவடையை ஒட்டி அமைந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அது தைக்கும் மார்கழிக்கும் நகர்ந்துவிடும். அப்போது அதே கடை, அதே உழைப்பு, வேறொரு கணக்கு.

அறுவடையும் பெருநாளும் இல்லாத மாதங்களிற் கடையைத் தாங்குவது எது? சம்பளம். கடைக்காரனின் சம்பளமன்று, வாடிக்கையாளரின் சம்பளம். ஆசிரியை, தபாற்கந்தோர் ஊழியர், பிரதேச செயலக லிகிதர், ஓய்வூதியம் பெறும் முதியவர் ஆகியோர் மாதம் முழுவதும் கொப்பியில் எழுதிவைத்து வாங்குவர். சம்பள நாளிற் கணக்குத் தீர்ப்பர். கடன் கொப்பியில் எவர் பெயருக்கு நேரே தொகை பெருக இடமளிக்கலாம், எவருக்கு இல்லை என்பதைக் கடைக்காரன் தன் அனுபவத்தால் அறிவான். கூலிக்காரனுக்கு ஒரு வாரக் கடன். உத்தியோகத்தனுக்கு ஒரு மாதக் கடன். எனவே இவ்விளைஞன் உத்தியோகத்தைப் பற்றி அறிந்தது பாடநூலில் இருந்தன்று. தன் கடன் கொப்பியில் இருந்தேயாகும். சம்பளம் என்பது நம்பத்தக்க மனிதனின் அடையாளம் என்பதை அவன் நாள்தோறும் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கின்றான்.

இதிலும் முக்கியமானது வங்கியின் நடைமுறை. அரசாங்க ஊழியருக்குச் சம்பளத்தை ஆதாரமாகக் கொண்டு கடன் கிடைக்கும். சிறுவணிகன் கடன் கேட்டுச் சென்றாலோ ஈடு கேட்கப்படும். அல்லது பிணையாளர் இருவர் கேட்கப்படுவர், அவர்களும் நிரந்தர உத்தியோகத்தினராக இருத்தல் விரும்பப்படும். ஆகவே வணிகனுக்குரிய முதலைத் திறக்கும் சாவி உத்தியோகத்தனின் கையில் இருக்கின்றது. நியமனக் கடிதம் பெற்ற இளைஞர் பலர் முதலிற் செய்வது கடையை மூடுவதன்று. சம்பளக் கடனைப் பெற்று அக்கடையைப் பெருப்பிப்பதே. அரசாங்கத் தாபன விதிக்கோவை உத்தியோகத்தர் தம் முழு நேரத்தையும் சேவைக்கு அளித்தல் வேண்டும் எனக் கட்டுப்படுத்துவதால், கடை தம்பியின் பெயருக்கோ மனைவியின் பெயருக்கோ மாறும். மாலையில் கல்லாப்பெட்டியின் முன் அமர்பவர் மாறார். உத்தியோகம் தொழில்முனைவின் சாவு என்போர் இவ்வூர்களின் கடைப் பெயர்ப்பலகைகளையும் அவற்றின் உண்மையான உரிமையாளரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை போலும். உத்தியோகம் இங்கு வணிகத்தின் மூலதனமாகவே வேண்டப்படுகின்றது.

திருமணச் சந்தை இதற்கு இன்னொரு பரிமாணத்தை அளிக்கின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி மரபும், பெண்ணுக்கு வீடுவளவு கொடுத்து மாப்பிள்ளையை அங்கு குடியமர்த்தும் வழக்கமும் உள்ளன. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்ரே செய்த மானிடவியல் ஆய்வு இதனை விரிவாக விளக்குவது. வீடு கட்டிக் கொடுக்கும் பெண் வீட்டார், அவ்வீட்டுக்கு வருபவனின் வருமானம் மாதந்தோறும் தவறாது வருமா என்று கேட்பதில் வியப்பில்லை. சீதனத்தையும் கைக்கூலியையும் மார்க்க அடிப்படையிற் கண்டிக்கும் குரல்கள் நீண்டகாலமாக எழுந்து வந்துள்ளன, அவை நியாயமானவை. ஆனால் உத்தியோக மாப்பிள்ளைக்கு உயர்ந்த விலை வைத்த அதே சமூகம், உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் இளைஞனைச் சோம்பேறி என்பது எவ்விதத்தும் நேர்மையன்று.

பெண்களின் நிலை வேறு. வீட்டிலிருந்து தையல் தைப்பவளும், சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுப்பவளும், முன்னறையிற் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவளும் வணிகர்களே. கணக்கெடுப்புகளில் அவர்கள் அவ்வாறு பதிவாவது குறைவு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஊருக்கு அண்மையிலேயே பட்டம் பெறும் வாய்ப்பை அவர்களுக்கு அளித்தது. இவர்களுக்கு ஆசிரியை நியமனம் வருமானம் மாத்திரமன்று. யாரும் வினவாத வகையிற் காலையில் வீட்டுக்கு வெளியே செல்லும் உரிமையும் அதனுள் அடங்கும். தையல் இயந்திரம் இவ்வுரிமையைத் தருவதில்லை. சுயதொழில் உதவியாக மீண்டும் மீண்டும் அவ்வியந்திரமே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இனி இடர் பற்றிய வினா. சுயதொழில் போதிப்போர் "இடரை ஏற்கும் துணிவு" என்பதை ஓர் உளப்பண்பாகவே பேசுகின்றனர். இக்கரையோரத்தார் கண்ட இடர்கள் அத்தகையன அல்ல. 1990இல் கிழக்கு மாகாணம் முழுவதும் பரவிய வன்செயலின் போது வீதிகள் அடைபட்டன; உள்நிலத்து வயல்களுக்குச் செல்லுதல் உயிராபத்தாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையிலேயே அம்பாறை மாவட்டத்திற்றான் மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்புறம் வீடும் தறியும் கடையுமாகச் சிதைந்தது. 2018 பெப்ரவரி இறுதியில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்னும் ஆதாரமற்ற வதந்தியை அடுத்து அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின், அவற்றோடு எவ்விதத் தொடர்பும் அற்ற முஸ்லிம் வணிகர்களின் கடைகளைப் பகிஷ்கரிக்கும் பிரசாரம் நாடெங்கும் நடந்தது. இவற்றுள் ஒன்றாவது கடைக்காரனின் துணிவையோ கணக்கறிவையோ பொறுத்ததன்று. பேரலைக்குப் பின்னும் ஆசிரியரின் சம்பளம் வந்தது; கடைக்காரனுக்கு எஞ்சியது நிவாரண அட்டை.

இவ்விடத்து எதிர்வாதம் ஒன்றை எதிர்கொள்ளாது செல்லுதல் தகாது. 2022இல் நாடு வங்குரோத்து அடைந்தபோது சம்பளத்தின் காவற்சுவரும் இடிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. மாறாத சம்பளம் பெற்றவர் அரைச் சம்பளக்காரர் போலாயினர். பொருளை இருப்பில் வைத்திருந்த கடைக்காரனோ விலையை உயர்த்திக்கொள்ள முடிந்தது. உண்மை. ஆயினும் அதே மாதங்களில் இறக்குமதி தடைப்பட்டு, எரிபொருள் இன்றி, இருப்புத் தீர்ந்ததும் மீண்டும் கொள்வனவு செய்ய முதலின்றிக் கடைகள் வெறுமையாயின. கடை மட்டுமோ சம்பளம் மட்டுமோ ஒரு குடும்பத்தைக் காக்கப் போதாது என்பதையே அவ்வாண்டு காட்டிற்று. ஒரு தோணி எவ்வேளையும் கவிழலாம் என்றிருக்கும் கடலில் இரண்டாவதிலும் ஒரு காலை வைத்திருப்பவனை நாம் எள்ளுவது எதற்காக?

அரசே இவ்விரட்டை வாழ்வை வளர்த்தது என்பதும் சொல்லப்படல் வேண்டும். நியமனங்கள் வெற்றிடத்தை நோக்கியல்ல, தேர்தலை நோக்கியே வழங்கப்பட்டன. 1977இன் பின்னர் பாராளுமன்ற உறுப்பினர் வாயிலாக விண்ணப்பப் படிவங்களைப் பங்கிட்ட தொழில் வங்கி முறை இதன் வெளிப்படையான வடிவம். 2020இல் 50,000 அளவிலான பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டனர். வேலையற்றோருக்கே நியமனம் என்னும் விதியின் பெயரால், ஊழியர் சேமலாப நிதியில் பெயர் பதிவாகியிருந்தோர் பலர் அப்போது விலக்கப்பட்டு மேன்முறையீட்டுக்கு அலைந்தனர். இதிலிருந்து ஓர் இளைஞன் கற்றுக்கொள்ளும் பாடம் யாது? தனியார் நிறுவனத்தில் முறையாகப் பதிவுபெற்று உழைத்தல் ஆபத்து. தம்பியின் பெயரிற் கடை வைத்துக்கொண்டு தான் வேலையற்றவனாகத் தோற்றுதல் பத்திரமானது. வணிகம் பதிவுக்கு வராமற் சிறிதாகவே இருந்துவிடுவதைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. அது சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை அரசின் சுற்றறிக்கைகளிலும் தேடலாம்.

இறுதியாக இலக்கியம். இது தமிழ்ச் சங்கத்து இதழாதலால் இதனைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட "தமிழ் நாவல் இலக்கியம்" தொட்டு, படைப்பை அதன் சமூகத் தளத்தில் வைத்து நோக்கும் மரபு நம்மிடையே வேரூன்றியுள்ளது. அம்மரபைக் கல்முனைப் பிரதேசத்து எழுத்துக்குப் பிரயோகிப்போர் முதலிற் காண்பது இது: அப்பிரதேசத்தின் நவீன இலக்கியத்தை உருவாக்கியோரிற் பலர் சம்பளக்காரர். நீலாவணன் ஆசிரியர், மருதூர்க்கொத்தன் ஆசிரியர், எம்.ஏ. நுஃமான் ஆசிரியராயிருந்து பின்னர் பல்கலைக்கழக விரிவுரையாளரானவர். "நட்டுமை" நாவலால் அறியப்பட்ட தீரன் ஆர்.எம். நௌஷாத் அஞ்சற் சேவையைச் சேர்ந்தவர். எழுத்துக்கு வேண்டிய ஓய்வையும் வாசிப்பையும் சஞ்சிகைத் தொடர்பையும் சம்பளமே அவர்களுக்கு அளித்தது. இதனை ஒரு குறையாக நாம் கூறவில்லை. இச்சம்பளம் இன்றேல் 1969இற் கல்முனையிலிருந்து "கவிஞன்" என்னும் கவிதைக்கென்றே ஆன சஞ்சிகை வெளிவந்திருக்குமோ என்பது ஐயம்.

ஆயினும் நோக்குநிலை என்று ஒன்று உண்டு. வயலும் போடியாரும், மீனவரும், நெசவாளரின் வறுமையும், பின்னர் போரும் இடப்பெயர்வும் இவ்வெழுத்தில் வலுவாக இடம்பெற்றன. கடைத்தெருவோ பெரும்பாலும் கதாபாத்திரங்கள் கடந்து செல்லும் ஒரு வழியாகவே நின்றுவிட்டது. முதலாளி என வருபவர் சுரண்டும் பெருவணிகராகவும், இளைஞன் என வருபவன் வேலையற்ற பட்டதாரியாகவும் இரு வார்ப்புகளில் அடங்கிவிட்டனர். முற்போக்கு இலக்கியத்தின் வர்க்கப் பகுப்பு இவ்விரண்டுக்கும் இடம் வைத்திருந்தது. இரண்டுமாக ஒரே வேளையில் இருப்பவனுக்கு இடம் வைத்திருக்கவில்லை. தன் உழைப்பையே தான் சுரண்டும் கடைக்காரனை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்னும் தயக்கம் நமது விமர்சகர்களுக்கும் இருந்தது. படைப்பாளிகள் அதைக் காரணமாகக் கொண்டு அவனை விட்டுவிட்டனர் என்று கூறின் மிகையாகாது.

தமிழகத்துத் தோப்பில் முஹம்மது மீரானை இங்கு நினைவுகூரலாம். "ஒரு கடலோர கிராமத்தின் கதை", 1997இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற "சாய்வு நாற்காலி" ஆகிய நாவல்களை எழுதிய அவர் மிளகாய் வணிகம் செய்து வாழ்ந்தவர். கணக்கும் கடனும் சரக்கும் அறிந்த ஒருவர் எழுதும்போது மனிதர்களின் மதிப்புப் பற்றிய ஒரு கூர்மை வந்து சேர்கின்றது. அந்தக் கூர்மை ஆசிரியர் எழுத்தில் வராது என்பதற்கில்லை. அதற்கு ஆசிரியர் கடையின் மறுபுறத்துக்குச் செல்ல வேண்டும்.

கல்முனைக் கரையோரத்திலிருந்து அத்தகைய கதை ஒன்று வருமாயின், அதில் முற்பணம், கைமாற்று, சீட்டு, பிணை, கொப்பி என்னும் சொற்கள் அலங்காரமாக அன்றிக் கதையை நடத்தும் சொற்களாக இருக்கும். நேர்முகப் பரீட்சைக்காக ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு அம்பாறைக்கு அதிகாலை பஸ் ஏறுபவன் அந்த ஒரு நாள் வியாபாரத்தின் நட்டத்தை எவ்வாறு கணக்கிடுகின்றான், எந்த வாடிக்கையாளரிடம் என்ன பொய் சொல்கின்றான், தெரிவுப் பட்டியலில் தன் பெயருக்குப் பதில் தன்னிடம் விண்ணப்பம் பிரதியெடுத்த ஒருவரின் பெயர் வந்ததும் அவருக்கு அடுத்த மாதம் தொட்டு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று எப்படித் தீர்மானிக்கின்றான் என்பவையெல்லாம் அக்கதையில் இருக்கும். வாசிக்கும் ஆசிரியர் தம் பெயரையும் அக்கொப்பியின் ஏதாவது ஒரு பக்கத்தில் காண நேரிடலாம்.